லீடர் வேலை வேண்டாம்

மூன்றாம் வகுப்புக்கு ஜெசி லீடர் ஆனதும், அவளுடைய அப்பா ஜூடு அந்தச் சேதியை வேப்பூரில் தான் பரோட்டா போடும் ஓட்டல் முழுக்கச் சொல்லிவிட்டான். சாப்பிட இறங்கிய லாரி டிரைவர்களும் தப்பவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மா ஜெயமேரியும் நாலு பேரிடம் சொல்லத்தான் செய்தாள். சொல்லாமல் இருக்க அவள் என்ன சாமியாரா?

லீடர் என்றால் பெரிய ராஜ்ஜியம் ஒன்றுமில்லை. மூன்று, நாலு, ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து அமுதவள்ளி டீச்சர் ஒருவர்தான். அவர் பெரிய பிள்ளைகளைக் கவனிக்கும்போது லீடர் தன் கணக்கை முடித்ததும் எழுந்து நின்று, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வேண்டும். ஜெசிதான் எல்லாருக்கும் முன்னால் கணக்கை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதனால் வேலை அவள் தலையில் விழுந்தது.

இது ஜூலையில். செப்டம்பரில் ஜெசியின் கணக்கு நோட்டைப் பார்த்த ஜெயமேரிக்குப் பகீரென்றது. பத்துக் கணக்கில் நாலுதான் போட்டிருந்தாள். மறுநாளும் நாலு. ஓரத்தில் டீச்சர் சிவப்பு மையில் ‘வேகம் போதாது’ என்று எழுதியிருந்தார். ஜெயமேரி செல்போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினாள். கண்ணில் கோளாறோ என்று டாக்டரிடம் காட்டினாள். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். மறுவாரமும் நாலுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து, கிழிந்த நோட்டுக்கு அட்டை போட உட்கார்ந்தாள். கடைசிப் பக்கங்களில் பென்சிலால் பொடிப்பொடியாகக் கணக்குகள். விட்டுப்போன ஆறும் அங்கே இருந்தன. முந்தின நாள் விட்டதும் இருந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை.

“என்னாடி இது? எல்லாம் தெரிஞ்சும் ஏன் நாலோட நிறுத்துற?”

“முடிச்சா எழுந்து நிக்கணும்மா. பேரு எழுதணும். பாரி பேர ரெண்டு தடவ எழுதுனேன்னு அவன் எங்கூட பேசறதில்ல. சாப்புடும்போது யாரும் எம்பக்கத்துல உக்காரமாட்டேங்கறாங்க.”

ஜெயமேரிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. எட்டு வயதுப் பிள்ளை, தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இப்படியே விட்டால் நாளைக்கு நிஜமாகவே மக்காகிப் போவாளே என்று பயம் பிடித்துக்கொண்டது.

லீடர் வேலையிலிருந்து எடுத்துவிடச் சொல்லப்போகிறேன் என்றதும், ஜூடு போனில் குதித்தான். “லீடர் வேணாம்னு யாராவது சொல்லுவாங்களா? ஓட்டல்ல கேட்டா நான் என்னா சொல்றது?”

“பரோட்டா சூடா இருக்குதுன்னு சொல்லு” என்று போனை வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் போய்ச் சொன்னதும் அமுதவள்ளி டீச்சர் சிரித்துவிட்டார். “எம்புள்ளைய லீடராக்குங்கன்னுதாங்க எல்லாரும் வருவாங்க.”

“அவளுக்குக் கஷ்டமான கணக்கு குடுங்க டீச்சர். அது போதும்.”

“மூணு வகுப்பு, நாப்பது புள்ளைங்க, நான் ஒருத்தி. இவளுக்குன்னு தனியா எப்ப உக்காருவேன்? நீங்களே சொல்லுங்க.”

அதுவும் நியாயம்தான். ஆனாலும் ஜெயமேரி மனதில் பட்டதைச் சொன்னாள். “எங்க கம்பெனியில சீக்கிரமா முடிக்கிறவளை மத்தவங்களப் பாத்துக்கன்னு நிக்கவைக்க மாட்டாங்க. நான் டம்ளர் அச்ச மளமளன்னு முடிச்சேன்னுதான் குதிரை அச்சக் குடுத்தாங்க. மொத நாளு காது ஒடஞ்சிது, காலு ஒடஞ்சிது, அழுதுட்டேன். அப்பறந்தான் கை படிஞ்சிது. நீங்க பக்கத்துல உக்கார வேணாம். குடுத்துட்டுப் போங்க, அவ முட்டி மோதிக்குவா.” நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

டீச்சர் கடைசியிலிருந்து முன்னோக்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தான் எழுதிய சிவப்பு மை வந்த இடத்தில் கை நின்றது. “நாந்தான் கவனிக்காம வுட்டுட்டேன்” என்று மெதுவாகச் சொல்லி, அலமாரியிலிருந்து ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்தார்.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு லீடர். முதல் வாரம் பாரி. பொறுப்பேற்ற கையோடு அவன் போர்டில் எழுதிய முதல் பெயர் ஜெசியுடையது. கணக்குத் தீர்ந்துபோன திருப்தியில், மதியம் அவனே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஜெசியின் சந்தோஷம் சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தவள் பையை வீசிவிட்டு ஓவென்று அழுதாள். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் ஆறு போட்டதில் ஐந்து தப்பு.

“எனக்குத் தெரியலம்மா. எப்பிடிப் போட்டாலும் மீதி தப்பா வருது.”

இத்தனை நாள் பொய்யாகத் தெரியாது என்றவள், இன்று நிஜமாகவே தெரியாது என்கிறாள். ஜெயமேரிக்கு அவளை அணைத்துக்கொண்டு சிரிக்கவேண்டும் போலிருந்தது. சிரித்தால் இன்னும் அழுவாளே என்று அடக்கிக்கொண்டு, சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

“இரும்மா” என்றாள் ஜெசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நோட்டிலிருந்து தலை தூக்காமல். “இது ஒண்ண மட்டும் இன்னொரு தடவ போட்டுப் பாக்கறேன்.”