பப்பாசி நிறமும் சந்தன நிறமும்

எங்கள் பக்கத்தில் சீதன வீடு பெண்ணுக்குத்தான். பாலையூற்று வீட்டை அப்பா என் பெயருக்கு எழுதிவிட்டார். மாப்பிள்ளை வந்து இருக்க வேண்டியதுதான் பாக்கி. வந்து இருக்கப் போகிறவருக்குச் சுவர் நிறத்தில் என்ன பேச்சு என்று எனக்குக் கோபம்.

அவர் மூதூரில் ஆசிரியர். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை லோஞ்சில் கடற்குடாவைக் கடந்து வந்தார். கையில் ஒரு சின்னப் பெயின்ட் டின், பழுத்த பப்பாசிப் பழத்தின் செம்மஞ்சள் நிறம். நான் ஏற்கெனவே சந்தன நிறம் வாங்கி வைத்திருந்தேன். சண்டை வேண்டாமென்று அம்மா இரண்டையும் எங்கள் அறைச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் பூச வைத்தார்.

"உந்த நிறத்தை அடிச்சால் அறை அடுப்படி மாதிரி இருக்கும்," என்றேன்.

"உங்கட நிறம் வருத்தக்காரன்ர முகம் மாதிரி வெளிறிக் கிடக்கு. வீடு உங்கடதான், ஆனால் விடியக் கண் முழிக்கிறது நானும்தானே?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டவில்லை. போகும்போது அவர், காலை வெளிச்சத்திலும் பின்னேர வெளிச்சத்திலும் பார்த்து வைக்கச் சொன்னார். அடுத்த முறை வந்து முடிவெடுப்போம், அதுவரை ஒருவரும் பெயின்ட் அடிக்கக்கூடாது என்றார். ஓம் என்றேன்.

அந்த வாரமே யுத்தம் தொடங்கியது. லோஞ்ச் நின்றது. மூதூர்ச் சனம் காட்டுக்குள் ஓடியதாக ஒருவர் சொன்னார், படகேறி இந்தியா போனதாக இன்னொருவர். கல்யாண நாளும் வந்து போனது.

"டின்னுக்குள்ள பெயின்ட் இறுகுது பிள்ளை, அடிச்சு முடிப்பம்," என்று அப்பா சொன்னபோதெல்லாம் எரிந்து விழுந்தேன். அவர் வந்து சொல்லாமல் எப்படி அடிப்பது? பேச்சு முடியாமல் கிடக்கும்வரை அவர் வந்தே ஆக வேண்டும் என்று ஒரு மடத்தனமான நம்பிக்கை. தினமும் விடிய அந்த இரண்டு பூச்சையும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், காலை வெயிலில் பப்பாசிதான் வடிவு. அவர் வந்தால் விட்டுக்கொடுப்பதென்று எப்போதோ தீர்மானித்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து இந்திய முத்திரையோடு கடிதம் வந்தது. தாயோடு அகதி முகாமில் இருக்கிறாராம். எல்லோரையும் சுகம் விசாரித்துவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தார்: "அறைக்குச் சந்தன நிறத்தையே அடியுங்கள். உங்கள் விருப்பம்தான் சரி."

"பாத்தியே, எவ்வளவு நல்ல குணம்," என்று அம்மா பூரித்துப் போனார்.

நான் கடிதத்தை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் அவர் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.