வாடாமல்லி நிறக் கதவு

சுவர்கள் லாரியில் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. சன்னலுக்கு இடம் விட்டு, ஒயர் போகக் குழாயும் பதித்து, எங்கோ வார்த்தெடுத்த முழுச் சுவர்கள். அப்பா கட்டிங் வேலை பார்த்த பனியன் கம்பெனி, தென்காசிப் பக்கமிருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்காக நாற்பது வீடுகள் போட்டது. கிரேன் ஒவ்வொரு சுவரையும் தூக்கி நிறுத்தும்போது நாங்கள் கைதட்டிக் கூச்சல் போட்டோம். காலையில் வெறும் தரை. பள்ளிவிட்டு வந்தால் அங்கே ஒரு வீடு!

குடிபோன மூன்றாம் நாள், பள்ளியிலிருந்து ஓடிவந்து பையை மூலையில் எறிந்துவிட்டு, சமையல் மேடையில் மூடியிருந்த தட்டைத் திறந்தேன். தக்காளிச் சோறு. பாதி தின்ற பிறகுதான் குளியலறையிலிருந்து யாரோ ஒரு அக்கா வந்தார்.

"ஏங்கண்ணு, நீ ஆரூட்டுப் புள்ள?"

நான் அழப்போனதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "செரி, தின்னுட்டே போ சாமி."

அடுத்த வரிசையிலிருந்த எங்கள் வீட்டுக்கு ஓடி மூச்சுவிடாமல் சொன்னேன். சுவிட்சு அதே இடம், மேடை அதே இடம், நாற்பதும் நம் வீடுதான் என்று குதித்தேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா மட்டும், "ஏட்டி, உள்ள வந்த பெறவுமா ஒனக்குத் தெரியல?" என்று இரண்டு முறை கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெயின்ட் வாங்கிவந்து, எங்கள் சாம்பல் நிறத் தகரக் கதவை வாடாமல்லி நிறமாக்கினாள். வரிசையே நின்று பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கம்பெனி மேனேஜர் வந்தார். "எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கோணுமுங்க. சுரண்டிருங்க, பழைய கலரு நாங்க அடிச்சுக்கறோம். இல்லீன்னா ஊட்டக் காலி பண்ற மாதிரி ஆயிருமுங்க."

"எம் பிள்ளைக்கு அவ வீடு எதுன்னு தெரியாண்டாமா சார்?" என்றாள் அம்மா.

"அதுக்குத்தானுங்க நெம்பர் போட்டிருக்குது."

அன்று சாயங்காலம் ஆளுக்கொரு உப்புத்தாளோடு கதவைத் தேய்த்தோம். அம்மா மேல்பாதி, நான் கீழ்ப்பாதி. யார் முதலில் முடிப்பது என்று நானே பந்தயம் கட்டினேன். கை, பாவாடை, மூக்கு நுனி எல்லாம் வாடாமல்லித் தூள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் பாதியில் தகரம் தெரிந்துவிட்டது. அம்மாவோ உள்ளங்கை அகலம்கூடத் தேய்த்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பாமல் ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் ஜெயிச்சேன்!" என்று வரிசை நெடுக ஓடி, வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவுக்கு வேகமாகத் தேய்க்கத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.