குடிக்காதவளுக்குக் கட்டிய கயிறு

என் அம்மா குடிக்கிறாள் என்று முதலில் சொன்னவர் எஸ்டேட் மேஸ்திரி. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாயந்திரம் ஆனால் அவரே எந்த மரத்தடியில் கிடப்பார் என்று எங்கள் மலையூர் நாகலூரில் எல்லோருக்கும் தெரியும்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. காப்பித் தோட்டத்துச் சரிவில் ஆடு மாதிரி ஏறி இறங்கிய அம்மா, அந்த வருஷம் தள்ளாட ஆரம்பித்தாள். ஒரு கால் செருப்பு வழியில் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். அதைத் தேடி எடுத்து வருவது என் வேலை. எனக்கு அது பெரிய வேடிக்கை. அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நாக்கு எரிகிறது என்று காரத்தை ஒதுக்கினாள். அக்கம்பக்கத்தார் முருங்கைக்கீரை தின்னச் சொன்னார்கள். மரத்தையே மொட்டையடித்துத் தின்றும் ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் காப்பிப் பழக்கூடையோடு சரிவில் உருண்டுவிட்டாள். மேஸ்திரி அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, உம் பொண்டாட்டி காத்தாலயே ஊத்திக்கிட்டு வருது. தெளிஞ்சா அனுப்பு, இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கறேன்."

கட்டிய மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பா என்னிடம் கேட்டார். "சாமி, அம்மா வாயில ஏதாச்சும் வாசம் வருதான்னு மோந்து பாரு." நான் முத்தம் கொடுப்பது போல் போய் முகர்ந்துவிட்டு, "கசப்பா ஏதோ வருதுப்பா" என்றேன். சாராயம் எப்படி நாறும் என்றே எனக்குத் தெரியாது. என் சாட்சி போதுமானதாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கி, குடியை விடக் கயிறு கட்டும் ஒரு கோயிலுக்கு அவளைக் கூட்டிப் போனார். வரிசையில் எல்லாம் கண் சிவந்த ஆண்கள். நடுவில் என் அம்மா ஒருத்தி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு.

"நான் குடிக்கறதில்லீங்க சாமி" என்றாள் பூசாரியிடம்.

"இங்க வர்ற எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்று அவர் அவள் மணிக்கட்டில் முடிச்சை இறுக்கினார்.

கயிறு கட்டிய பிறகும் அவள் தள்ளாடினாள். கயிற்றைப் பார்த்ததும் ஊரே அவளைக் குடிகாரி என்று முடிவு கட்டியது. இப்படியே ஆறு மாதம் ஓடியது. ஒரு காலையில் அவள் அடுப்பிலிருந்து விழுந்த தணலை மிதித்தாள். தோல் பொசுங்கும் நாற்றம் எனக்கு வந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. அப்போதுதான் அப்பா பயந்துபோய் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அங்கிருந்த டாக்டரம்மா புண்ணுக்குக் கட்டுப் போட்டதோடு விடவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். பாதங்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். அம்மா மரம் சாய்வது போல் சாய்ந்தாள். அவர்தான் தாங்கிப் பிடித்தார். ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள்.

"பி12 சத்து சுத்தமா இல்லைம்மா. ரத்தம் ஊறவும் நரம்பு வேலை செய்யவும் அது வேணும். கீரையில அது கிடையாது. கறி, முட்டை, ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்க. இந்தப் புள்ளைக்கு ரெண்டு வயசுல நொம்ப காய்ச்சலுங்க. பொழச்சா கவுச்சியே தொடறதில்லைன்னு சேர்வராயன் கோயில்ல வேண்டிக்கிட்டேனுங்க."

"பாலாவது குடிக்கலாமே?"

"அது புள்ளைக்கே சரியாப் போயிருதுங்க. எனக்கு வரக்காப்பிதான்."

ஊசி மருந்து செக்கச்செவேல் என்று இருந்தது. "ஏனுங்க, இதுல கவுச்சி ஏதும் இல்லீங்களே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அம்மா கையை நீட்டினாள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் பாதத்தில் உணர்ச்சி முழுசாகத் திரும்பியிருக்கும் என்றார் டாக்டரம்மா. திரும்பும் பஸ்ஸில் அப்பா அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து ஜன்னல் வழியே எறிந்தார். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாரா? கிடையாது. மேஸ்திரியும் கேட்கவில்லை.

ஊசி தொடர்ந்து போட்டதில் அம்மாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது, தள்ளாட்டம் நின்றது. கால்விரல்கள் மட்டும் மரத்தே போயின. இன்றைக்கும் நாலடிக்கு ஒரு தரம் குனிந்து, காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

ஊரைத் திட்டுகிற நான் மட்டும் யோக்கியமா? அன்றைக்கு நான் முகர்ந்த கசப்பு வரக்காப்பி. அதில் சேர வேண்டிய பால் என் டம்ளரில் இருந்தது என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. ஏடு படிந்திருக்கிறது என்று அதில் பாதியை நான் கொட்டிவிடுவேன்.