அரைப்பேர்

பேச்சியம்மாவுக்கு வந்த நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. வீக்கமில்லை, காய்ச்சலில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனால் தோளிலிருந்து கெண்டைக்கால் வரை அடித்துப் போட்டதுபோல் வலி. இரண்டாயிரத்து மூன்றில் இலங்கை மலைநாட்டு டிக்கோயா ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா அதைக் கண்டுபிடித்தபோது, பொய் நோயில்லை என்றதே அவளுக்குப் போதுமாயிருந்தது. மிச்சத்தை அரைக்காதில்தான் வாங்கினாள்.

"படுத்துக் கிடக்கவும் கூடாது, விழுந்தடிச்சு வேலை செய்யவும் கூடாது. சுகமா இருக்கிற நாளில பாதியோட நிப்பாட்டுங்கோ. இரவுக் குளிசையை விடாதேங்கோ."

இரவு மாத்திரையை விடவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முதல் நாளே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஓடினாள். தோட்டத்தில் சொன்ன எடைக்குத் தேயிலைக் கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் வேலைக் கணக்கு. வேலைக்கு வந்த நாள் முதல் அவள் அரைப்பேர் வாங்கியதில்லை. அன்றும் வாங்கவில்லை. மறுநாள் கம்பளியை இழுத்துப் போர்த்தக்கூட கை எழவில்லை. வாரம் முழுக்கப் படுக்கை; காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கும் போகவில்லை. இதே கூத்து திரும்பத் திரும்ப நடந்தது.

கங்காணி மாயாண்டி தொழிலாளர் லயத்துக்கே வந்து, அவள் குடியிருந்த காம்பரா அறையின் வாசலில் நின்றார்.

"பெரட்டுக்கு ஒழுங்கா வராட்டி பதிவுல பேர வெட்டச் சொல்லிட்டாரு தொர. இந்த மாசந்தான் பாப்பாங்க. பேரு போனா காம்பராவும் போயிரும் தங்கச்சி. ஒம் புருசனும் இல்ல. புள்ளைய எங்க கூட்டிட்டுப் போவ?"

அவர் போனபின் சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தாள். டொக்டரம்மா பாதியோடு நிப்பாட்டச் சொன்னது ஞாபகம் வந்தது. வெட்டுவது வராதவள் பேரை. அரைப்பேர்க்காரி பேரை அல்ல.

வலி தணிந்த ஒரு காலையில் மலையேறினாள். மத்தியானத்துக்குள் கூடை பாதியைத் தாண்டிவிட்டது. கை இன்னும் பறிக்கத் துடித்தது, அதுதான் பயமாயிருந்தது. கங்காணியிடம் நடந்தாள்.

"அண்ணே, இன்னைக்கு எனக்கு அரைப்பேரு போடுங்க."

பக்கத்து நிரையில் வேலாயி சிரித்தாள். "அரைப்பேரு மகாராணி எறங்குறாங்க, வழி விடுங்கடி."

"நீ முழுப்பேரு எடுத்துக்க வேலாயி. நான் நாளைக்கும் வரணும்."

வீட்டில் படுக்கவில்லை. மலையூற்றுப் பீலிவரை மெல்ல நடந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

விடியலில் கண் திறந்தவள், அசையப் பயந்து கிடந்தாள். பிறகு விரல்களை மடக்கிப் பார்த்தாள். வலித்தது, ஆனால் மடங்கியது. எழுந்து, கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டினாள்.

பெரட்டில் கங்காணி அவள் பேரைக் கூப்பிட்டார்.

"இருக்கேங்க."

"முழுசா, அரையா?" என்றாள் வேலாயி.

"அரை," என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மா கூடையை எடுத்தாள்.