முனியாண்டி சாமிக்கு எடுத்த ஆலா முட்டைகள்

மலாய் மண்ணில், காஜா பெராங் என்ற ஊரில் பலகை வீடு கட்டினேன். சொந்தப் படகு செய்தேன். ஜாலான் பெண்டஹாரா தெருவில் மளிகைக் கடை வைத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்று சிரித்தவர்கள் பிறகு அதே கடையில்தான் அரிசி வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் தொடக்கம் முட்டை வியாபாரம்.

ஆலா, மீன் தின்னும் கடற்பறவை. தீவுப் பாறைகளில் அது இடும் முட்டைகளைப் படகில் போய் எடுத்து வந்து விற்பேன். ஒவ்வொரு பருவத்திலும் முதல் முட்டை முனியாண்டி சாமிக்கு. துளையிட்டு உள்ளதைச் சாமி காலடியில் ஊற்றிவிட்டு, வெறும் ஓட்டில் வருஷத்தை எழுதி, பஞ்சு விரித்த பிஸ்கட் டின்னில் வைப்பேன்.

ஐம்பத்தேழில் இங்கே சுதந்திரம் வந்த சமயம், மனைவி எங்கள் மூத்த மகளைச் சுமந்திருந்தாள். அந்தப் பருவத்தில் சாமிக்கு எடுத்த முட்டை கையிலேயே நசுங்கியது. அடுத்ததும் அப்படியே. விரதத்தில் ஏதோ குறை என்று மூன்று நாள் கவுச்சி தொடாமல் இருந்து, சுருட்டும் சேவலும் வைத்து மன்னிப்புக் கேட்டேன். மறுபடியும் நசுங்கியது.

மனைவி டின்னைத் திறந்து பழைய ஓடுகளையும் நசுங்கியதையும் தடவிப் பார்த்தாள்.

"சாமிக்குக் கோவம்னா உங்க மண்டையிலதான் போடும். முட்டை ஓட்டையா இளைக்க வைக்கும்? தொட்டுப் பாருங்க, இந்த வருஷத்து ஓடு வெங்காயத் தோலாட்டம் இருக்கு."

"முட்டை விக்கிற எனக்கே பாடமா?"

"விக்கிறது நீங்க. தினம் உடைச்சுச் சமைக்கிறது நான். பறவைக்கு என்னமோ ஆயிருச்சு. வயித்துப் பிள்ளையோட நான் இதைத் திங்க மாட்டேன். அடுத்தவன் பிள்ளைக்கும் விக்காதீங்க."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கோழி முட்டை வாங்கி வந்து நானே பொரித்துக் கொடுத்தேன். உப்பு கூடிவிட்டது. அப்படியும் சாப்பிட்டு முடித்தாள். அதன்பின் தீவுப் பக்கம் முட்டைக்குப் போகவில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

பல வருஷம் கழித்து, பல்கலைக்கழகத்திலிருந்து இருவர் கேள்விப்பட்டு வந்து, பழைய ஓடுகளோடு டின்னிலிருந்த நசுங்கிய ஓடுகளையும் வாங்கிப் போனார்கள். ஆலைகளில் செய்த நஞ்சு கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, மீன் தின்ற பறவை வழியாக முட்டைக்குள் தங்கியதாம். அதனால்தான் ஓடு மெலிந்ததாம். தங்கள் புத்தகத்தில் 'உள்ளூர்வாசி கொடுத்தது' என்று ஒரே வரி போட்டிருக்கிறார்கள்.

போதாது. ஓடுகளை எடுத்துக் காத்தவன் நான். மெலிந்ததை விரலால் கண்டுபிடித்தவள் என் மனைவி. இரண்டையும் எங்கள் பெயரோடு அச்சில் போட வேண்டும். அவள் பெயர் முதலில் வரட்டும். என் பெயர் விடுபடக் கூடாது.