சிரிப்புச் சத்தத்தில் ஒரு குரல்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மனைவிக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மகளை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருந்த ஓர் அம்மா, பக்கத்தில் செல்போனில் பழைய காமெடி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். வசனத்துக்கு வசனம் கும்பலாகச் சிரிப்பு.

"சத்தத்தைக் குறைங்கம்மா. மெஷின் சிரிக்கிறதை எவ்வளவு நேரம் கேக்கறது?" என்றேன்.

"மெஷின் இல்லீங்க. அதுல ஒரு குரல் விக்கி விக்கிச் சிரிக்குதே, அது நான்தான். மெட்ராஸ்ல இருந்தப்ப, சிரிப்புச் சத்தத்தைப் பதிவு பண்ணக் கூப்பிட்டாங்க. நாடகத்தைக் காட்டவே இல்லை. ஒருத்தர் கையைத் தூக்குனா சிரிக்கணும். அப்ப எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தாரு."

"எப்படிச் சிரிச்சீங்க?"

"எனக்கு எங்க வந்துச்சு? பக்கத்துல இருந்த பொம்பளை சிரிச்சா. அதைப் பாத்து வந்துடுச்சு."

சொல்லும்போதே அவருக்கு அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்து நர்ஸ் என்னைத் தேடியபோது, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி நலமாக வீடு திரும்பினாள். இப்போது அந்த சீரியல் வந்தால் அவள் வசனத்துக்குச் சிரிக்கிறாள். நான் அந்த விக்கல் சிரிப்புக்காகக் காத்திருக்கிறேன்.