பல்லால் நூல் அறுக்கும் அக்கா

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தையல்கார அக்கா குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பார். வீட்டு முன்னறைதான் கடை. எதிர்வீட்டுக்காரனான எனக்கு எல்லாம் தெரியும். வெறும் வயிற்றில் எலும்பு மாத்திரை, ஒரு முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. "ஊசி கீழ விழுந்தாக்கூட குனிய மாட்டேன். வேணும்னா அதுவே எந்திரிச்சு வரட்டும்!" என்பார்.

போன வருடம் ஸ்டூலிலிருந்து இறங்கும்போது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மெலிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. கை சரியாகிவிட்டது. இப்போது கவலையெல்லாம் பல்லைப் பற்றித்தான். மூன்று கத்தரிக்கோல் இருந்தும் அக்கா நூலைப் பல்லால்தான் அறுப்பார். பித்தான் தைத்ததும் முகம் சட்டைக்குள் புதையும், 'டக்' என்று கேட்கும். அது கேட்டால்தான் சட்டை முடிந்ததென்று எனக்கு நம்பிக்கை.

அந்த முன்பல் ஆடத் தொடங்கியது. பிடுங்கிவிடுவதென்று பல் டாக்டரிடம் என் காரில்தான் போனோம். வேடிக்கை பார்க்கத்தான் நானும் உள்ளே நுழைந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

"ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒண்ணுமே இல்லம்மா."

மரத்துப்போக வைக்கும் ஊசி தயாரானது. ஓரமாக உட்கார்ந்திருந்த அக்காவின் கணவர் வாயில்லாப் பூச்சி. அவரே தொண்டையைக் கனைத்தார். "அப்போ ஞாயித்துக்கிழமை நடக்குறியே, அது எதுக்கு?"

"அது வாரத்துக்கு ஒண்ணுங்க! அதையெல்லாம் மருந்துல சேர்ப்பாங்களா?"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். தாடையும் எலும்புதானாம், மெலிந்தால் பல் ஆடுமாம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமலே போகலாமாம். அதனால் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம், சுத்தம் செய்து பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டிப் பார்க்கலாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். "ஆனா இனிமே நூலைக் கடிச்சீங்க, பல்லு நூலோட வந்துடும்!"

பல் தப்பியது. திரும்பும் வழியெல்லாம் சிரிப்புத்தான். "இந்த வயசுல கம்பி கட்டி ஸ்கூல் பிள்ளை ஆயிட்டேனே!" என்று கார்க் கண்ணாடியில் பல்லைக் காட்டிக் காட்டிப் பார்த்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் என் சட்டைக்குக் கடைசிப் பித்தான். பழக்க தோஷத்தில் நூல் அக்காவின் வாய்வரை போய்விட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கணவர் பதறிப்போய்க் கத்தரிக்கோலை நீட்டினார். அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சட்டையோடு எழுந்துபோய், நூலைக் கணவரின் பல்லிடுக்கில் வைத்து, "ம், கடிங்க" என்றார்.

டக்.